ரெகுலேட்டர் நேசையனுக்கு நான் செய்தது

நேசையன் இறந்த செய்தி வந்தபோது நான் கடையில் இரண்டு அங்குல ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்குச் சாலைக் கடைவீதியில் லாரியும் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களும் போடுகிற சத்தத்தில் போனில் பேசுவதே பெரும்பாடு. மேனன் சார் தன் மலையாளத் தமிழில் மூன்று தடவை சொன்ன பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.

"நம்ம நேசையன் போயி, சிதம்பரம். விடியும்போ நெஞ்சுவேதன வந்நு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்னே கழிஞ்சு."

இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து வேலை பார்த்த மனுஷன், கடைசியில் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. ஆணி வாங்க வந்தவரை நாளைக்கு வாரும் என்று அனுப்பிவிட்டேன். மேனன் சார் போனை வைக்காமல் பெருமூச்சு விட்டார். பிறகு சொன்னார்: "நல்ல ஆளாயிருந்நு, பாவம். அந்த ஒரு கைப்பிழை. அதோட அவனுக்கு மனசு விட்டுப்போயி." நான் பழக்கதோஷத்தில், "ஆமா சார்" என்றேன்.

ஆறு வருஷமாக இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நான் "ஆமா" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் நாம் கூடும்போது வாசிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். அந்தக் கைப்பிழை நேசையனுடையது அல்ல. என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கென்று வைத்தால் நடுவிலேயே எனக்குத் தைரியம் போய்விடும், என்னை எனக்குத் தெரியும்.

நேசையனின் ஆஸ்பத்திரி நண்பர்களும் அவர் ஊரான பாறசாலையின் உறவுக்காரர்களும் வருவார்கள் என்று கேள்வி. அவர்களுக்காக எங்கள் விளையாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேனன் சார் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, ஒரு குளத்தில் பெரிய மனுஷர்கள் சிலர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சின்னப் போர்க்கப்பல்களை ரேடியோவால் ஓட்டிச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறார். வீடு திரும்பியதும் அதை இங்கே தொடங்கிவிட்டார். ஒரு முழம், இரண்டு முழம் நீளக் கப்பல்கள். பக்கவாட்டில் மெல்லிய மரத்தகடு. உள்ளே சின்னப் பீரங்கி. பீரங்கிக் குண்டு வேறொன்றும் இல்லை, சைக்கிள் சக்கரத்துக்குள் போடுகிற இரும்பு மணிதான். குண்டு பட்டால் மரத்தில் ஓட்டை விழும், தண்ணீர் ஏறும், கப்பல் முங்கும். முங்கினதைத் தூக்கி, ஓட்டையை ஒட்டி, அடுத்த ஆட்டத்துக்கு இறக்க வேண்டும். நாற்பது வயது தாண்டிய எட்டுப் பேர், இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை, வெள்ளாயணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் குளத்தில் இதைச் செய்தோம். எங்கள் வீட்டுப் பெண்கள் எங்களுக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

குண்டைத் தள்ளுவது கேஸ். சோடாக் கம்பெனியில் நிரப்புகிற அதே கேஸ்தான். உள்ளங்கையில் அடங்குகிற குப்பியில் அது அடைபட்டுக் கிடக்கும். அதன் முழு வேகத்தை அப்படியே பீரங்கிக்கு விட்டால் பீரங்கி தாங்காது. நடுவில் ஒரு ரெகுலேட்டர் வைத்து வேகத்தை அடக்கித்தான் விட வேண்டும். சிக்கல் அங்கேதான். கடையில் கிடைக்கிற ரெகுலேட்டர் எல்லாம் பித்தளைக் கட்டி, எங்கள் கப்பலோ அரிசி மூட்டை தாங்காத ஜாதி. அதிலும் மேனன் சாரின் சட்டப்படி ஒவ்வொரு கப்பலுக்கும் இத்தனை எடைதான். ஒரு கிராம் கூடினால் குளத்தில் இறங்கக் கூடாது. ஆகவே நாங்கள் வருஷக்கணக்கில் தேடியது ஒரே சாமானை. கனமும் இருக்கக் கூடாது, ஆளையும் கொல்லக் கூடாது.

அந்தத் தேடலில்தான் நேசையன் வந்து சேர்ந்தார். ஒருநாள் என் கடைப் பலகையில் வீட்டு அடுப்புக்கு மாட்டுகிற ரெகுலேட்டரை வைத்துக்கொண்டு மேனன் சாரிடம், "இதைப் பாருங்க சார், கனமே இல்ல, கோழித்தூவல் மாதிரி இருக்கு" என்று அளந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் பைப்புக்கு இரண்டு நிப்பிள் வாங்க வந்து நின்ற ஒல்லியான ஆள் குறுக்கே பேசினார்.

"அது வேண்டாம், கேட்டியளா. அது அடுப்புக்குள்ளதாக்கும். சோடா கேஸ அதுல மாட்டினா ஒரு நொடி நிக்காது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கடையில் வந்து என் சரக்கைக் குறை சொல்கிறவனை எனக்குப் பிடிக்காது.

"நீரு யாருவே? வாங்க வந்தது ரெண்டு நிப்பிள், அதுக்கு எதுக்கு இம்புட்டு புத்தி?"

"ஆஸ்பத்திரியில கேஸ் லைன் பாக்குதேன் அண்ணாச்சி. ஆபரேஷன் நடக்கும்போ மீட்டர் ஊசி இறங்காம பாத்துக்கிடுறது நம்ம ஜோலி. புத்திக்கு பில் போடாண்டாம், நிப்பிளுக்கு போடுங்க."

மேனன் சார் சிரித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேசையன் குளக்கரையில் நின்றார்.

அவர் ரெகுலேட்டர் பார்க்கிற விதமே தனி. நாங்கள் எல்லோரும் முதலில் கையில் தூக்கிக் கனம் பார்ப்போம். அவர் கனத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். மேனன் சாரின் மகள் வெளிநாட்டிலிருந்து மூன்று சின்ன அலுமினிய ரெகுலேட்டர்கள் அனுப்பினாள். அங்கே சாய உருண்டை சுட்டு விளையாடுகிற ஒரு ஆட்டத்துக்கு அதை உபயோகிப்பார்களாம். எலுமிச்சம்பழம் அளவுதான். எங்களுக்கெல்லாம் வாயில் எச்சில் ஊறியது. நேசையன் மூன்றையும் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அவர் சோதனை இதுதான். கேஸை மாட்டி, வெளியே போகிற வழியை அடைத்துவிட்டு, அளவுகாட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் வாசிப்பார். தலைப்புச் செய்தியிலிருந்து டெண்டர் விளம்பரம் வரைக்கும் முழுப் பேப்பர். வாசித்து மடித்து வைத்துவிட்டு ஊசியைப் பார்ப்பார். நின்ற இடத்தில் நின்றால் அது நல்ல ரெகுலேட்டர். மெள்ள ஏறியிருந்தால் உள்ளே அடைப்பு சரியில்லை, கேஸ் கசிந்து ஏறுகிறது என்று அர்த்தம்.

இரண்டு வாரம் கழித்து இரண்டை நல்லது என்று கொண்டுவந்தார். மூன்றாவதைத் தனியாக எடுத்து வைத்தார். மேனன் சாருக்கு ஆதங்கம்.

"எத்ர ஏறி நேசையா? ஒரு முடியளவு அல்லே?"

"இப்பம் முடியளவு சாரே. வெயில்ல ரெண்டு முடி. பின்ன ஒருநாள் மொத்தமா ஏறும். கேஸுக்கு ஆளு பாத்து இரங்கத் தெரியாது."

அந்த மூன்றாவது ரெகுலேட்டரை மேனன் சார் இன்றும் மேஜைமேல் பேப்பர் பறக்காமல் வைக்க உபயோகிக்கிறார்.

ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட சின்ன ரெகுலேட்டர் ஒன்று கிடைக்குமா என்று ஒருமுறை கேட்டேன். நான்தான் கேட்டேன், வேறு யார் கேட்பார்கள். "ஆஸ்பத்திரி சாமான் குப்பையில கெடந்தாலும் ஆஸ்பத்திரி சாமானாக்கும்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு நீளவில்லை. வேறொரு தடவை என் கப்பலின் எடை கூடிவிட்டது என்று புலம்பியபோது, கப்பலைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடையில பெயிண்ட் கெடக்குன்னு கல்யாண வீட்டுக்கு அடிக்க மாதிரி அடிச்சிருக்கிய. கனம் குறைக்கணும்னா முதல்ல பெயிண்ட சுரண்டுங்க." உண்மைதான். ஏழு பூச்சு அடித்திருந்தேன். சுரண்டி எடுத்த தூளை நிறுத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் பார்த்துச் சரி என்று சொன்ன ரெகுலேட்டரின் கழுத்தில் மஞ்சள் நூல் ஒன்றைச் சுற்றி முடிச்சுப் போடுவார். ஆஸ்பத்திரிப் பழக்கம். நூல் இல்லாத கப்பல் தண்ணீரில் இறங்காது என்று அது எங்கள் சட்டமாகிவிட்டது. அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. ரேடியோவும் மோட்டாரும் யாருக்கும் ஓரளவு தெரியும். கேஸ் என்றால் நேசையன். எட்டுப் பேரும் குனிந்து குப்பியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லை நம்பித்தான் திறந்தோம்.

இனி என் சங்கதி. அலுமினிய ரெகுலேட்டர் இரண்டும் சீட்டுக் குலுக்கியதில் வேறு இருவருக்குப் போய்விட்டன. எனக்கு நேசையன் தேடிக் கொடுத்தது சோடா மிஷினில் வருகிற பித்தளை ரெகுலேட்டர். இருக்கிறதில் சின்னதாகப் பார்த்துத்தான் எடுத்துத் தந்தார். நல்ல சாமான், ஆனால் கனம். திரும்பும்போதெல்லாம் என் கப்பல் ஒரு பக்கம் சாயும். "சிதம்பரத்துக் கப்பல் அல்லவா, ஒற்றைக் காலில்தான் நிற்கும்" என்று கேலி. கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போயிற்று. அந்தச் சமயத்தில் கொல்லத்திலிருந்து ஐந்து பேர் எங்களோடு சண்டை போட வருவதாக ஏற்பாடாயிற்று. வெளியூர்க்காரன் முன்னால் கப்பல் சாய்ந்தால் மானம் போகும் என்று நினைத்தேன். எடை போட்டுப் பார்த்தால் அளவுக்கு மேல் அறுபது கிராம். சுரண்டுவதற்குப் பெயிண்டும் மிச்சமில்லை.

கப்பல் கட்டுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ஓட்டை போட்டுக் கனம் குறைக்கத் தோன்றும். பேட்டரி வைக்கிற தட்டில் ஓட்டை, மேல்தளச் சட்டத்தில் ஓட்டை, சுக்கான் கம்பியில் ஓட்டை. எட்டுப் பேருக்கும் அந்த வியாதி இருந்தது. நான் ஒருபடி மேலே போனேன். நேசையன் கட்டிய நூலை அவிழ்த்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள லேத்துப் பட்டறைக்கு ரெகுலேட்டரைக் கொண்டுபோய், உள்ளே ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருக்கிற மேல்மூடியைச் சுற்றிலும் கடைந்து மெலிதாக்கச் சொன்னேன். அதோடு விடாமல் ஆறு ஓட்டை. பட்டறைக்காரர், "அண்ணாச்சி, இது என்ன சாதனம்?" என்று கேட்டார். "அலங்காரச் சாமான்" என்றேன். பிறகு அதே மஞ்சள் நூலைத் திரும்பச் சுற்றி முடிச்சுப் போட்டேன். தராசில் வைத்தேன், சரியான எடை. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கொல்லத்துக்காரர்கள் வந்து கப்பல்களைக் கரையில் வரிசையாக வைத்திருந்தார்கள். மேனன் சார் ஒவ்வொன்றாக எடை பார்த்துக்கொண்டு வந்தார். என் கப்பலின் எடையைப் பார்த்து, "இது கொள்ளாம்" என்று மெச்சி முதுகில் தட்டினார். இன்னும் குனிந்தபடியே இருந்தார். நான் குப்பியைத் திறந்தேன்.

டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். வெள்ளையாகக் கேஸ் பரவிற்று. அது கலைந்தபோது மேனன் சார் தரையில் உட்கார்ந்திருந்தார், முகத்தில் ரத்தம். மூடி பிய்த்துக்கொண்டு பறந்து அவர் புருவத்தைக் கிழித்துவிட்டது. நான் மரம் மாதிரி நின்றேன். ஓடிவந்தவர் நேசையன்தான். முதலில் குப்பியை அடைத்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை மடித்து மேனன் சார் புருவத்தில் அழுத்திப் பிடித்தார். "கண்ண தொறந்து என்னப் பாருங்க சாரே, என்னப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண் தப்பியது. காயத்துக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு விரல் அகலம். ஏழு தையல் போட்டார்கள்.

மேனன் சாரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு நேசையன் திரும்பிவந்து புல்லில் தேடினார். மூடி கிடைத்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஆறு ஓட்டையும் அவர் கண்ணுக்கு நேரே. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் கப்பலைப் பார்த்தேன். தோப்புக்காரர் வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், போலீஸில் சொல்லுவேன் என்று. கொல்லத்துக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் கோபமாகக் கேட்டார்: "இத யாராக்கும் பாத்தது?"

நேசையன் மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நான் பாத்து நூல் கட்டினதாக்கும்" என்றார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் பார்த்ததுதான், நூல் கட்டியதும்தான். கட்டியவன் பொறுப்பு என்று பழகியவர். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு இன்னொரு வாக்கியம் வர வேண்டியிருந்தது, அதைச் சொல்ல வேண்டியவன் நான். அவர் அந்த இடத்தைவிட்டு நகராமல் நின்றார். எனக்காக நின்றார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடைப் பேர் கெடும், சாலைக் கடைவீதி முழுக்கச் சிரிக்கும், மேனன் சார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று என்னவெல்லாமோ தலைக்குள் ஓடிற்று. அதையெல்லாம் இப்போது சமாதானமாகச் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளித்தனம், அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் அவர் தப்பை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அடுத்த கூட்டத்தில், இனிமேல் ரெகுலேட்டரை வேறு இரண்டு பேர் சேர்ந்து பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. புருவத்தில் கட்டோடு மேனன் சாரே அதை நேசையனிடம் பக்குவமாகச் சொன்னார். நேசையன், "அது சரிதான் சாரே, ரெண்டு கண்ணு கூடுதல் பாத்தா நல்லது" என்றார். பார்க்க வைத்த இரண்டு பேரில் ஒருவன் நான். அந்தக் கேவலத்தையும் ஏற்றுக்கொண்டேன். விஷயம் எப்படியோ ஆஸ்பத்திரிக்குப் போய், கான்டீனில் அவருக்கு 'வெடி நேசையன்' என்று பெயர் விழுந்தது. வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் ஆபரேஷன் தியேட்டருக்குக் கேஸ் விடுகிற ஆளுக்கு அது வேடிக்கையான பெயர் இல்லை.

ஒரு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் என் கடையிலிருந்து இரண்டு பேரும் நடந்தோம். அவர் பாறசாலை பஸ் பிடிக்கக் கிழக்கேகோட்டை ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். பழவங்காடி கோயில் முன்னால் தேங்காய் உடைக்கிற கூட்டத்தைத் தாண்டும்போது எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"நேசையன், அந்த மூடி..."

"தெரியும் அண்ணாச்சி."

"எப்ப இருந்துவே தெரியும்?"

"அன்னைக்கே. ஆறு ஓட்டை கண்ணுக்குத் தெரியாதா?"

"பெறவு ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவியன்னு நெனச்சேன்."

நான் நடக்காமல் நின்றுவிட்டேன். அவரும் நின்றார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. "எங்கிட்ட சொல்லி என்ன அண்ணாச்சி? எனக்குத் தெரிஞ்ச காரியம்லா. அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். நான், "அடுத்த ஞாயிறு கட்டாயம் சொல்லிடுதேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார்.

அதன் பிறகு ஐந்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அவர் ஒருதடவைகூட நினைவுபடுத்தவில்லை. கடைக்கு வந்தார், டீ குடித்தார், யாருக்காவது ரெகுலேட்டர் வேண்டும் என்றால் எது வாங்கலாம் என்று எப்போதும்போல் சொன்னார். குளக்கரைக்கும் தவறாமல் வந்தார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என்னை விட்டுவைக்கவில்லை. அவருடைய சின்னக் கப்பல் குளத்தில் இறங்கினால் என் கப்பலைத் தேடித் தேடி அடிக்கும். ஒருநாள் இரண்டாம் முறை முங்கியபோது எரிச்சலில் கேட்டேன், "என்னவே, வேற கப்பலே கண்ணுல படலியா?" அவர், "உங்க கப்பல்தான் அண்ணாச்சி அடிக்க வாகா நிக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சிரிப்பு அது. மனசுக்குள் எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது, அவர் அடிக்கட்டும் என்று. இதுவே கணக்கு தீர்ந்தது என்று எண்ணிக்கொள்கிற அளவுக்கு நான் கெட்டிக்காரன்.

பாறசாலையில் அடக்கம் முடிந்து சர்ச்சிலிருந்து வீட்டுக்கு வந்தோம். அவர் மனைவி ஸ்டெல்லா என்னை அடுக்களை வாசல் பக்கம் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் சொல்லணும். ஞாயிற்றுக்கிழமை உங்க ஆளுவ எல்லாம் கூடி அவியளப் பத்தி பேசுவாவன்னு மேனன் சார் சொன்னாவ. அந்தப் புருவத்துல அடிபட்ட காரியம் மட்டும் யாரும் பேசாம பாத்துக்கிடணும். அவியளுக்கு அதுல பெரிய சங்கடம் உண்டு. உங்ககிட்ட சொன்னா நீங்க பாத்துக்கிடுவிய. அவியளுக்கு வேண்டப்பட்ட ஆளு நீங்கதான்."

மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. எனக்கு அது அந்த நொடியில்தான் தெரிந்தது. அவர் பேரைக் காப்பாற்றச் சொல்லி அந்த அம்மாள் வந்து நின்றது என்னிடம். அடுக்களைப் படியில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். நூலை அவிழ்த்தது, லேத்துப் பட்டறை, ஆறு ஓட்டை, திரும்பக் கட்டிய முடிச்சு, பழவங்காடியில் அவர் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. ஸ்டெல்லா அழவில்லை. அடுக்களைக்குள் கேஸ் சிலிண்டர் நின்ற மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சம்பவத்துக்குப் பெறவு நான் அவியள இத தொட விட்டதே இல்ல அண்ணாச்சி" என்றார். "கேஸ் தீந்துபோனா அடுத்த வீட்டு வாத்தியார விளிச்சுதான் மாட்டுவேன். வாத்தியார் குனிஞ்சு மாட்டும்போ அவிய அந்தக் கசேரியில உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாவ. ஒருநாளும் ஒண்ணும் சொன்னதில்ல."

இருபத்தாறு வருஷம் ஒரு ஆஸ்பத்திரி முழுவதுக்கும் மூச்சுக் கொடுத்த மனுஷன், தன் வீட்டுச் சிலிண்டரை அடுத்த வீட்டுக்காரர் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

பிறகு ஸ்டெல்லா சொன்னார்: "அவிய இருக்கும்போ ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா, அண்ணாச்சி." நான் படியிலிருந்து எழுந்தபோது, "ஞாயிற்றுக்கிழமை நானும் வாறேன். எல்லாரும் இருக்கும்போ சொல்லுங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதை எதிர்பார்க்கிற அளவுக்கு நானும் மோசமானவன் இல்லை.

மேனன் சாரிடம் அன்று சாயங்காலமே நேரில் போய்ச் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர், "இனி நீ பாக்கண்டா, வேற ஆளு பாக்கட்டேன்னு அவன்கிட்ட பறஞ்சது ஞான்தானே, சிதம்பரம்?" என்றார். அவருக்கும் என்னால் ஒரு வலி. அதற்கும் சேர்த்து இங்கே தலைவணங்குகிறேன்.

ஆகவே இந்தக் குளக்கரையில், அவரைத் தெரிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். நேசையன் கையில் பிழையே வந்ததில்லை. அவர் பார்த்துக் கொடுத்த ரெகுலேட்டர் ஒன்றுகூட யாரையும் காயப்படுத்தவில்லை. காயப்படுத்தியது நான் வெட்டிய ரெகுலேட்டர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிற நண்பர்கள் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் கான்டீனில் முதல் டீயோடு இதைச் சொல்லிவிடுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரையும் கடை இருக்கிற தெருவையும் சொல்லுங்கள். நம்பாதவர்கள் கடைக்கு வரட்டும், நானே சொல்கிறேன்.

போனவரிடமிருந்து நமக்கு என்ன மிச்சம் என்று சொல்லி முடிப்பது வழக்கம். அவருடைய பொறுமையை, நேர்மையை என்று சொல்ல எனக்கு ஆசைதான். அதையெல்லாம் எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, அவை ஸ்டெல்லாவிடம் இருக்கட்டும். நான் எடுத்துக்கொள்வது அந்தப் பழியை மட்டும்தான். ஆறு வருஷம் என் பொருளை அவர் வைத்திருந்தார்.